முன்பாரமும் பின்பாரமும்

மாட்டு வண்டி ஓட்டிப் பழகியவர்களுக்கு இரண்டு சொற்கள் நன்கு தெரியும். ஒன்று முன்பாரம், மற்றது பின்பாரம். மூட்டைகளை முன்புறமாக அடுக்கிவிட்டால் நுகத்தடி மாடுகளின் கழுத்தை அழுத்தும். பின்புறமாக அடுக்கிவிட்டாலோ நுகம் மேலே கிளம்பும். மேட்டில் ஏறும்போது கழுத்துக் கயிறு மாட்டை நெரிக்கும். ஆகவே அனுபவமுள்ள வண்டிக்காரர் பாரம் ஏற்றி முடிந்ததும் நுகத்தை ஒரு கையால் தூக்கிப் பார்ப்பார். அளவான பாரம் கைக்குப் பட்ட பின்னரே மாட்டைப் பூட்டுவார். மூட்டைகளின் தொகை ஒன்றுதான். அவை இருக்கும் இடமே வண்டியின் சுபாவத்தை நிர்ணயிக்கின்றது.

இதே உண்மை, மணிக்கு நூறு கிலோமீற்றர் வேகத்தில் ஓடும் பந்தய ரக மோட்டார் காருக்கும் பொருந்தும். ஆனால் அங்கே துன்பப்படுவது மாட்டின் கழுத்தன்று. காரை ஓட்டுபவரின் உயிர்.

உயர்தர வகுப்பு மாணவர் ஒருவர் நமக்கு எழுதிய கடிதமே இந்த வாரக் கட்டுரைக்குக் காரணம். அவருடைய அண்ணன் இருவர் மட்டும் அமரக்கூடிய பழைய கார் ஒன்றை வாங்கி, அதன் சிறிய இயந்திரத்தை எடுத்துவிட்டுப் பெரியதொரு இயந்திரத்தைப் பொருத்தியிருக்கின்றாராம். நேர்வழியில் கார் பறக்கின்றது. ஆனால் மழை நாளில் வளைவொன்றுக்கு வந்தால், சுக்கானைத் திருப்பினாலும் கார் திரும்ப மறுத்து நேரே செல்கின்றது. “டிக்கிக்குள் ஒரு மணல் மூட்டையைப் போட்டால் சரியாகிவிடும் என்று நண்பர்கள் சொல்கின்றார்கள். அம்மாவுக்கோ அண்ணன் வெளியே போனால் திரும்பி வரும்வரை நித்திரை இல்லை. மணல் மூட்டை போதுமா?” என்று அவர் கேட்கின்றார்.

நல்ல கேள்வி. விடையைச் சொல்லுமுன் காரை நிறுத்துப் பார்ப்போம்.

நிறுப்பது எவ்வாறு?

லொறிகளை நிறுக்கும் தராசுமேடை ஒன்று இருந்தால் போதும். முதலில் காரின் முன்சில்லுகள் இரண்டும் மட்டும் மேடையில் நிற்குமாறு வைத்து நிறுக்க வேண்டும். பின்னர் முழுக் காரையும் ஏற்றி நிறுக்க வேண்டும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசமே பின்சில்லுகள் தாங்கும் பாரம். நிலம் மட்டமாக இருத்தல் அவசியம். பெற்றோல் தாங்கி வழக்கமான அளவுக்கு நிரம்பியிருக்க வேண்டும். ஓட்டுபவரும் தமது ஆசனத்தில் அமர்ந்திருக்க வேண்டும். ஏனெனில் ஆளில்லாமல் எந்தக் காரும் வளைவில் திரும்புவதில்லை.

கணக்குக்காக ஒரு காரை எடுத்துக்கொள்வோம். அதன் மொத்தப் பாரம் 1000 கிலோகிராம். முன்சில்லுகள் மீது 560, பின்சில்லுகள் மீது 440. முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடைப்பட்ட நீளம் 2300 மில்லிமீற்றர். பின்பாரம் நூற்றுக்கு 44 ஆதலால், 2300 ஐ 0.44 ஆற் பெருக்கினால் 1012 வரும். அதாவது காரின் புவியீர்ப்பு மையம் முன் அச்சுக்குப் பின்னால் 1012 மில்லிமீற்றர் தூரத்தில் இருக்கின்றது. நடுப்புள்ளி 1150 இல் உள்ளது. ஆகவே இக்கார் முன்பாரக் கார்.

கார் ஏன் திரும்ப மறுக்கின்றது?

வளைவில் காரைத் திருப்புவது சுக்கான் அன்று. ரயர் நிலத்தைப் பற்றும் பிடியே காரைத் திருப்புகின்றது. ரயர் மீது பாரம் கூடினால் பிடியும் கூடும் என்பது உண்மை. ஆனால் பாரம் கூடும் அதே விகிதத்தில் பிடி கூடுவதில்லை. பத்துப் பங்கு பாரத்துக்குப் பத்துப் பங்கு பிடி கொடுத்த ரயர், பன்னிரண்டு பங்கு பாரத்துக்குப் பன்னிரண்டு பங்கு பிடி கொடுக்காது. அதிலும் குறைவாகவே கொடுக்கும். இதுதான் விஷயத்தின் மர்மம்.

வளைவில் முன்பகுதியை உட்புறமாக இழுக்கும் பொறுப்பு முன்ரயர்களுடையது. முன்பகுதி கனமாக இருந்தால் அவற்றின் வேலை மிகுதி. பிடியோ அந்த அளவுக்கு மிகுவதில்லை. எனவே நான்கு ரயர்களும் ஒரே அளவினவாக இருக்கும் காரில், எந்த முனை கனமானதோ அந்த முனையே முதலில் வழுக்கும். முன்முனை வழுக்கினால் கார் முகம் திரும்ப மறுத்து நேரே போகும். பின்முனை வழுக்கினால் கார் வாலை வீசிச் சுழலும். முன்னது வேலியில் கொண்டுபோய் முட்டும். பின்னது எந்தத் திசையில் விடும் என்று எவராலும் சொல்ல முடியாது. ஈர வீதியில் பிடி மொத்தமாகவே குறைந்துவிடுவதால், உலர்ந்த வீதியில் மறைந்திருந்த குற்றம் மழை நாளில் வெளிப்படுகின்றது. கடிதம் எழுதிய மாணவரின் அண்ணனுக்கு நேர்ந்திருப்பது இதுவே.

இரண்டு இயந்திரங்களின் கதை

இயந்திரத்தை மாற்றுவதால் ஒரு நல்ல கார் கெடுவதும் உண்டு, சிறப்பதும் உண்டு. இதற்கு இங்கிலாந்தின் எம்.ஜி. கார்களிலும் பார்க்கச் சிறந்த பாடம் கிடைப்பது அரிது.

1962 இல் வெளிவந்த எம்.ஜி.பி. என்னும் கார் நான்கு சிலிண்டர் இயந்திரம் கொண்டது. அதை அமைத்தவர்கள் பாரத்தைப் பகிர்வதில் கவனமாக இருந்தார்கள். ஆறு வோல்ற்றுப் பற்றறிகள் இரண்டை, ஆசனங்களுக்குப் பின்னால், பின் அச்சுக்குச் சற்று முன்பாகத் தளத்தின் கீழே வைத்தார்கள். வீதியில் இணக்கமாக நடந்துகொள்ளும் கார் என்று அது பெயர் எடுத்தது.

1967 இல் அதே உடலில் ஆறு சிலிண்டர் கொண்ட மூன்று லீற்றர் வார்ப்பிரும்பு இயந்திரத்தை வைத்து எம்.ஜி.சி. என்னும் காரை வெளியிட்டார்கள். புதிய இயந்திரம் பழையதிலும் ஏறத்தாழ 90 கிலோகிராம் கனமானது. அதன் நீளத்துக்கும் உயரத்துக்கும் இடம் போதாமையால் பொனற்றில் ஒரு புடைப்பு வைக்க வேண்டியதாயிற்று. முன் தொங்கலமைப்பையே புதிதாக அமைக்க வேண்டியதாயிற்று. கனத்த முன்சில்லுகளைக் கை திருப்பும்பொருட்டுச் சுக்கானின் பல்விகிதத்தையும் மாற்ற வேண்டியதாயிற்று. நேர்வழியில் அது நன்றாக ஓடியது. வளைவில் முகம் திரும்பத் தயங்குகின்றது என்று அக்காலப் பத்திரிகைகள் குறை கூறின. ஏறத்தாழ ஒன்பதாயிரம் கார்களுடன் 1969 இல் அதன் உற்பத்தி நின்றது.

கதை அங்கே முடியவில்லை. அமெரிக்காவில் 1961 இல் ப்யூக் கார்களுக்காக வந்த எட்டுச் சிலிண்டர் இயந்திரம் ஒன்று அலுமினியத்தால் வார்க்கப்பட்டது. அதன் உரிமையை இங்கிலாந்தின் றோவர் ஸ்தாபனம் வாங்கியிருந்தது. 1970 ஆம் ஆண்டுகளின் தொடக்கத்தில் கென் கொஸ்தெல்லோ என்னும் பந்தய வீரர் அந்த மூன்றரை லீற்றர் இயந்திரத்தை எம்.ஜி.பி. காரினுள் பொருத்திக் காட்டினார். பின்னர், 1973 முதல் 1976 வரை, எம்.ஜி. தொழிற்சாலையே அத்தகைய காரைச் செய்தது. இயந்திரம் ஏறத்தாழ இரு மடங்கு பெரியது. ஆனால் எடையில் பழைய நான்கு சிலிண்டர் வார்ப்பிரும்பு இயந்திரத்திலும் அது கூடியதன்று. முன்பாரம் கூடவில்லை; காரின் நல்ல குணமும் கெடவில்லை.

ஆகவே, இயந்திரம் மாற்ற விரும்பும் இளைஞர் முதலிற் கேட்க வேண்டிய கேள்வி “எத்தனை குதிரைவலு?” என்பதன்று, “எத்தனை கிலோகிராம்?” என்பதே.

மணல் மூட்டை என்ன செய்யும்?

இனி நண்பர்களின் யோசனையைத் தராசில் இடுவோம். நமது 1000 கிலோகிராம் காரின் டிக்கியில், பின் அச்சுக்கு 500 மில்லிமீற்றர் பின்னால், 40 கிலோகிராம் மணல் வைப்பதாகக் கொள்வோம். நெம்புகோல் விதிப்படி, முன் அச்சிலிருந்து மூட்டை உள்ள தூரமாகிய 2800 ஐ 2300 ஆற் பிரித்து 40 ஆற் பெருக்க வேண்டும். பின்சில்லுகளில் ஏறத்தாழ 49 கிலோகிராம் கூடும். முன்சில்லுகளில் 9 குறையும். முன்பாரம் 551, மொத்தம் 1040. எனவே முன்பங்கு நூற்றுக்கு 53. காகிதத்தில் பார்த்தால் 56 என்பது 53 ஆகிவிட்டது, நண்பர்கள் மகிழ்வார்கள்.

ஆனால் முன்ரயர்களுக்குக் கிடைத்த ஆறுதல் 9 கிலோகிராம் மட்டுமே. பிறேக் நிறுத்த வேண்டிய பாரமோ 40 கிலோகிராம் கூடிவிட்டது. அதுமட்டுமன்று. மூட்டை கட்டப்படாமல் இருந்தால் வளைவில் அது ஒரு பக்கம் உருளும். மோதலில் ஆசனத்தை நோக்கிப் பாயும்.

வேறொரு வழியைப் பார்ப்போம். முன் அச்சுக்கு 600 மில்லிமீற்றர் முன்னால் இருக்கும் கனமான இரும்புத் தாங்கிகள், மேலதிக விளக்குகள் முதலியவற்றில் 20 கிலோகிராமைக் கழற்றிவிடுவதாகக் கொள்வோம். அதே விதிப்படி முன்பாரத்தில் 25 குறையும். பின்பாரத்தில் 5 கூடும். அடுத்து, முன் அச்சின் மேல் இருக்கும் 15 கிலோகிராம் பற்றறியைப் பின் அச்சின் மேலுள்ள இடத்துக்கு மாற்றுவோம். முன்னே 15 குறையும். பின்னே 15 கூடும். இப்பொழுது முன்பாரம் 520; மொத்தம் 980. முன்பங்கு மீண்டும் நூற்றுக்கு 53.

விகிதம் ஒன்றே. ஆனால் மணல் மூட்டைக் காரிலும் இந்தக் கார் 60 கிலோகிராம் இலேசானது. முன்ரயர்கள் 31 கிலோகிராம் குறைவாகச் சுமக்கின்றன. எனவே விதி இதுதான்: முதலிற் குறைத்தல், பின்னர் இடம் மாற்றுதல், வேறு வழியே இல்லாவிடில் மட்டும் கூட்டுதல்.

இயந்திரத்தையே பின்னுக்கு நகர்த்துவது பற்றியும் சிலர் கேட்பர். இயந்திரமும் கியர்ப் பெட்டியும் சேர்ந்து 200 கிலோகிராம் எனக் கொண்டால், 100 மில்லிமீற்றர் பின்னகர்த்துவதால் முன்னிருந்து பின்னுக்கு மாறுவது ஏறத்தாழ 9 கிலோகிராம்தான். இதற்காகக் காரின் நடுச்சுவரை வெட்ட வேண்டும். சுக்கான் தண்டையும் செலுத்து தண்டையும் மாற்ற வேண்டும். பற்றறியை மாற்றுவதே மலிவான வேலை. மாஸ்டா நிறுவனம் 1989 இல் வெளியிட்ட எம்.எக்ஸ்.-5 காரின் பற்றறியைத் தொழிற்சாலையிலேயே டிக்கிக்குள் வைத்தது இக்காரணம் பற்றியே. இன்னும் துணிந்தவர்கள் கியர்ப் பெட்டியையே பின் அச்சோடு சேர்த்து வைத்தார்கள். 1950 இல் வந்த இத்தாலியின் லான்சியா அவுரேலியாவும், 1976 இல் வந்த ஜேர்மனியின் போர்ஷ 924 உம் அவ்வாறானவை.

வாலில் கட்டிய கல்

மேலே சொன்ன கணக்கு முழு உண்மையன்று. பாரம் எவ்வளவு என்பதோடு, அது நடுவிலிருந்து எவ்வளவு தூரத்தில் இருக்கின்றது என்பதும் முக்கியம். நீண்ட கம்பொன்றின் நடுவே இரண்டு கற்களைக் கட்டிக் கையால் இருபுறமும் திருப்பிப் பாருங்கள், இலகுவாகத் திரும்பும். அதே கற்களை இரு முனைகளிலும் கட்டினால் திருப்பத் தொடங்குவதும் கடினம். திரும்பத் தொடங்கியதை நிறுத்துவதும் கடினம். இதனை மாணவர்கள் சடத்துவத் திருப்பம் என்னும் பெயரில் படித்திருப்பர். தூரம் இரு மடங்கானால் இதன் அளவு நான்கு மடங்காகும். பின்பம்பருக்கு அருகே மணல் மூட்டை வைப்பது தீது என்பதற்கு இது இன்னொரு காரணம்.

பின்பாரத்தின் தொல்லையை நன்கு அனுபவித்தது போர்ஷ நிறுவனம். 1963 இல் பிராங்பேர்ட் கண்காட்சியில் காட்டப்பட்ட அதன் 911 காரில், ஆறு சிலிண்டர் இயந்திரம் பின் அச்சுக்கும் பின்னால் தொங்கியது. வளைவின் நடுவே ஓட்டுபவர் பயந்து காலை எடுத்தால், பாரம் முன்னே சாய்ந்து பின்ரயர்களின் பிடி குறைய, வால் வீசியது. முதலிற் கண்ட பரிகாரம் வேடிக்கையானது: முன்பம்பரின் இரு ஓரங்களிலும் ஏறத்தாழ 11 கிலோகிராம் வீதம் வார்ப்பிரும்புக் கட்டிகளை ஒளித்து வைத்தார்கள். பெரிய நிறுவனமும் மணல் மூட்டை வைத்தியம் செய்ததுண்டு!

ஆனால் அவர்கள் அதோடு நிற்கவில்லை. 1969 ஆம் ஆண்டுக்குரிய காரில், இயந்திரத்தை இருந்த இடத்திலேயே விட்டுவிட்டுப் பின்சில்லுகளை 57 மில்லிமீற்றர் பின்னுக்கு நகர்த்தினார்கள். அச்சுகளுக்கு இடைப்பட்ட நீளம் 2211 இலிருந்து 2268 ஆயிற்று. பாரம் நகரவில்லை, பாரத்தைத் தாங்கும் இடம் நகர்ந்தது. நூற்றுக்கு 58.5 ஆக இருந்த பின்பங்கை 2211 ஆற் பெருக்கி 2268 ஆற் பிரித்தால் 57 வரும். அத்துடன், ஒரு பற்றறிக்குப் பதிலாக இரண்டு சிறிய பற்றறிகளை முன்னே பக்கத்துக்கு ஒன்றாக வைத்தார்கள். எடை கூட்டாமற் செய்த திருத்தமே நெடுநாள் நிலைத்தது.

ஐம்பதுக்கு ஐம்பது வேதவாக்கா?

முன்னும் பின்னும் சமமாக இருப்பதே உத்தமம் என்று பலர் நம்புகின்றனர். நிற்கும் காருக்கு அது அழகான எண். ஓடும் காரில் பாரம் ஓரிடத்தில் நிற்பதில்லை. நமது 1000 கிலோகிராம் காரின் புவியீர்ப்பு மையம் நிலத்திலிருந்து 500 மில்லிமீற்றர் உயரத்தில் இருக்கின்றதென்றும், புவியீர்ப்பின் பத்தில் எட்டுப் பங்கு அளவுக்குப் பிறேக் பிடிக்கின்றோமென்றும் கொள்வோம். அப்பொழுது முன்சில்லுகளுக்குத் தாவும் பாரம் ஏறத்தாழ 174 கிலோகிராம். 560 என்பது 734 ஆகிவிடும். பின்னே 266 தான் மிஞ்சும். பற்றறியை மாற்றிப் பெற்ற 15 கிலோகிராமை இதனோடு ஒப்பிட்டுப் பாருங்கள்!

ஆகவே சற்றுப் பின்பாரமுள்ள கார் பிறேக் பிடிக்கும்போது நான்கு ரயர்களையும் நன்கு பயன்படுத்துகின்றது. வேகம் எடுக்கும்போதும் பின்சில்லுகளின் பிடி உதவுகின்றது. 1958 இல் ஆர்ஜென்ரீனாவில் ஸ்ரேர்லிங் மொஸ் சிறிய கூப்பர் காரில் வெற்றி பெற்றதும், அதே நிறுவனத்தின் கார்களில் ஜாக் பிறபம் 1959 இலும் 1960 இலும் உலக வெற்றிவீரரானதும் இந்த உண்மையை உலகுக்குக் காட்டின. அக்கார்களில் இயந்திரம் ஓட்டுபவருக்குப் பின்னால், ஆனால் பின் அச்சுக்கு முன்னால், இருந்தது. பாரம் பின்னே இருந்தும் நடுவை விட்டு விலகவில்லை. அதனால் வால் வீசும் தொல்லை குறைந்தது. வளைவில் திரும்பும் சுறுசுறுப்பு கூடியது. ஒரு சில ஆண்டுகளுக்குள் பெரும்பந்தயங்களில் முன் இயந்திரக் கார்கள் மறைந்தன.

செய்வதைத் திருந்தச் செய்க

பற்றறியை டிக்கிக்கு மாற்ற விரும்புவோர் சிலவற்றை மறத்தலாகாது. கார் கவிழ்ந்தாலும் அசையாதபடி அதனை இரும்புப் பட்டையால் உடலோடு பிணைக்க வேண்டும். மின்னேற்றும்போது பற்றறியிலிருந்து ஐதரசன் வாயு வெளிவரும். அது எளிதில் தீப்பற்றும். எனவே மூடிய பெட்டியில் வைத்து, வாயு காருக்கு வெளியே போகக் குழாய் அமைக்க வேண்டும். முன்னே செல்லும் நீண்ட கம்பி தடித்ததாக இருத்தல் வேண்டும்; தகட்டின் ஓரத்தில் உராயாதபடி றப்பர் வளையத்தினூடாகச் செல்ல வேண்டும்; பற்றறிக்கு அருகிலேயே தகுந்த உருகி ஒன்றும் இருக்க வேண்டும். உருகி இல்லாத கம்பி எங்கேனும் உராய்ந்து உடலைத் தொட்டால் கார் எரிந்துவிடும். பெற்றோல் தாங்கியை இடம் மாற்றும் எண்ணமே வேண்டாம்.

பாரம் மாறினால் வில்லுகளும், ஷொக் அப்சோபர்களும், ரயர்க் காற்றழுத்தமும், முன்பின் பிறேக் பங்கும் அதற்கேற்ப மாற வேண்டும். முக்கியமாக, முன்பாரத்தைக் குறைத்த காரில் முன்பிறேக் முன்பு இறுகாத இடத்தில் இப்பொழுது இறுகக்கூடும். தேர்ந்த மெக்கானிக் ஒருவரிடம் காட்டிய பின்னர், மூடிய மைதானம் ஒன்றில் மெல்ல மெல்லச் சோதிப்பதே முறை. பொது வீதி பரிசோதனைக் கூடமன்று; அங்கே மற்றவர்களின் பிள்ளைகளும் நடக்கின்றார்கள்.

எனவே மாணவருக்கு நமது விடை: தம்பி, மணல் மூட்டை வேண்டாம். அண்ணனைக் கார் எடுத்துக்கொண்டு தராசுமேடைக்குப் போகச் சொல்லும்; நீரும் கூடப் போய் எண்களைக் குறித்து வாரும். புதிய இயந்திரம் பழையதிலும் எவ்வளவு கனமானது என்று பாரும். வித்தியாசம் 20 அல்லது 30 கிலோகிராமானால் மேலே சொன்ன திருத்தங்கள் போதுமாகலாம். 90 கிலோகிராமானால் ஒரு முழுத் தொழிற்சாலையே அதனோடு போராடித் தோற்றிருக்கின்றது. பழைய இயந்திரத்தை மீண்டும் பொருத்துவதே புத்தி. அதுவரை மழை நாளில் அந்தக் கார் வீட்டில் நிற்கட்டும். அம்மாவின் நித்திரைக்கும் அதுவே மருந்து.

மாணவர்களுக்கு இந்த வாரக் கணக்கு: ஒரு காரின் மொத்தப் பாரம் 900 கிலோகிராம், முன்பாரம் 500. அச்சுகளுக்கு இடைப்பட்ட நீளம் 2400 மில்லிமீற்றர். முன்னே இருந்த 20 கிலோகிராம் மேலதிகச் சில்லை 1800 மில்லிமீற்றர் பின்னுக்கு நகர்த்தினால் புதிய முன்பாரம் எவ்வளவு? விடை அடுத்த வாரம்.